கரென் கார்ப்பென்ரர்: ஒரு குரலின் வரலாறு

மேலைநாட்டு மெல்லிசை உலகிலே, 1970ஆம் ஆண்டு தொடக்கம் ஏறக்குறையப் பத்தாண்டு காலம் தம் குரலினாற் பெரும்புகழ் ஈட்டியவர் கரென் கார்ப்பென்ரர் என்னும் அமெரிக்கப் பெண்மணி. தமையனாராகிய றிச்சட் கார்ப்பென்ரர் இசையமைத்துப் பியானோ வாசிக்க, தங்கையார் கரென் முதன்மைக் குரலாக நின்று பாட, இருவரும் ‘கார்ப்பென்ரர்ஸ்’ என்னும் பெயரில் வெளியிட்ட இசைத்தட்டுகள் உலகமெங்கும் பத்துக் கோடிக்கு மேல் விற்பனையாயின என மதிப்பிடுவர். அத்துணை மக்களின் நெஞ்சுக்கு ஆறுதல் அளித்த அக்குரலுக்குரியவர், 1983ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 4ஆம் திகதி, முப்பத்திரண்டு வயதில், பல்லாண்டுகளாக உணவைக் குறைத்துக் குறைத்து உடல் நலிந்து, இதயம் நின்று இறந்தார். செல்வம் மலிந்த நாடொன்றிலே, செல்வம் மலிந்த இல்லமொன்றிலே வாழ்ந்தவர் இவ்வாறு இறத்தல் எங்ஙனம் கூடிற்று? இவ்வினாவுக்கு விடை காணவேண்டின், அவருடைய குரலின் வரலாற்றையும் உடலின் வரலாற்றையும் ஒருங்கே வைத்து நோக்குதல் வேண்டும்.

கரென் 1950ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆம் திகதி, அமெரிக்காவின் கிழக்குக் கரையோரத்திலுள்ள கனெக்ரிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரிற் பிறந்தார். தந்தை ஹரல்ட் அச்சுத் தொழில் செய்து வந்தவர். கிறித்தவ ஊழியம் புரியச் சென்ற பெற்றோருக்குச் சீன தேசத்திற் பிறந்தவர். தாய் அக்னெஸ் வீட்டைக் கண்டிப்புடன் நடத்தியவர். றிச்சட் 1946ஆம் ஆண்டு பிறந்தவராதலின், தங்கையைவிட மூன்றாண்டுக்குச் சற்றுக் கூடுதலாக மூத்தவர். சிறு பிராயத்திலேயே அவர் பியானோவிற் காட்டிய திறமை கண்டு, குடும்பத்தின் எதிர்பார்ப்பு முழுவதும் அவர்மீதே தங்கிற்று. தந்தை சேர்த்து வைத்திருந்த இசைத்தட்டுகளை அவர் நிலவறையில் இருந்து மணிக்கணக்காகக் கேட்பார். தங்கையும் உடனிருந்து கேட்பார். ஆயினும், கரெனின் நாட்டம் அக்காலத்தில் இசையைவிட விளையாட்டிலேயே மிகுந்திருந்தது. தெருவிலே ஆண் பிள்ளைகளுடன் சேர்ந்து பந்தடிப்பதில் அவர் ஒருவருக்கும் பின்னிற்கவில்லை. இசை அண்ணனுக்குரியது, தங்கைக்குரியது வேறு என்னும் எண்ணம் அவ்வீட்டில் இயல்பாகவே வேரூன்றியிருந்தது.

1963ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அக்குடும்பம் நாட்டின் மறு கரைக்குக் குடிபெயர்ந்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடுத்துள்ள டவ்னி என்னும் ஊரே அவர்கள் புதிதாகக் குடியேறிய இடம். குளிர் கடுமையான கிழக்கை விட்டு வெயில் நாடாகிய கலிபோர்னியாவை அவர்கள் நாடியமைக்குப் பல காரணங்கள் உண்டெனினும், றிச்சட்டின் இசை வாழ்வுக்கு அவ்விடமே ஏற்றதென்னும் எண்ணம் அவற்றுள் முதன்மையானது. இசைத்தட்டுக் கம்பெனிகளும் ஒலிப்பதிவுக் கூடங்களும் அங்கேயே செறிந்திருந்தன.

டவ்னி உயர்தரப் பாடசாலையிற் பயிலுங்காலத்திலேதான் கரெனின் வாழ்வில் எதிர்பாராத திருப்பமொன்று நேர்ந்தது. தேகாப்பியாச வகுப்பில் விருப்பமில்லாத அவர், அதற்கு மாற்றாகப் பாடசாலையின் அணிவகுப்பு வாத்தியக் குழுவிற் சேர்ந்தார். உலோகத் தகடுகளைச் சிறு கோலினாற் தட்டி ஒலி எழுப்பும் குளொக்கன்ஸ்பீல் என்னும் கருவியே முதலில் அவர் கையிற் கொடுக்கப்பட்டது. அதன் ஒலி அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால், அணிவகுப்பில் அவரோடு சென்ற மாணவர்கள் ட்ரம்ஸ் எனப்படும் மேலைநாட்டு மேளங்களை முழக்கியதைக் கண்டபோது, தம்மாலும் அஃது இயலும் என்னும் துணிவு அவருக்கு உண்டாயிற்று. மேளம் அடித்தல் ஆண்மக்களுக்கே உரியது என்ற எண்ணம் அந்நாட்டிலும் அக்காலத்தில் நிலவிற்று. கரென் அதனைப் பொருட்படுத்தினாரல்லர். மகளின் ஆர்வத்தைக் கண்ட பெற்றோர் 1964ஆம் ஆண்டின் இறுதியளவில் மேளத் தொகுதியொன்றை வாங்கிக் கொடுத்தனர். ஜாஸ் இசைக்குழுக்களின் இசைத்தட்டுகளை ஓடவிட்டு, கடினமான தாளக் கட்டுகளையெல்லாம் கேட்டுக் கேட்டு, சிறிது காலத்துள்ளேயே தேர்ந்த கலைஞர்களும் வியக்கும் அளவுக்கு அவர் கைவன்மை பெற்றார். பிற்காலத்திற் பாடகியெனப் பேர்பெற்ற பின்னரும், தம்மைப் பாடத் தெரிந்த ஒரு மேளக் கலைஞராகவே அவர் கருதிவந்தார். இதனை நாம் நினைவில் வைத்தல் வேண்டும்.

குரல் வெளிப்பட்டது அதன் பின்னரே. லோங் பீச் நகரிலிருந்த கலிபோர்னிய அரசாங்கக் கல்லூரியில் றிச்சட் இசை பயின்று கொண்டிருந்தார். அங்கே பாடகர் குழுவை நடத்தி வந்த பிராங்க் பூலர் என்னும் ஆசிரியர், கரெனுக்கும் குரற் பயிற்சி அளித்தார். பெண்களின் குரல்களுள் மிகத் தாழ்ந்த சுருதியையுடையதனை மேலைநாட்டார் கொன்ரால்ரோ என்பர். கரெனின் இயற்கைக் குரல் அவ்வகையைச் சேர்ந்தது. செந்நெறி இசைக்குரிய உயர்ந்த சுருதியிலும் அவர் பாடக்கூடியவராயினும், தாழ்ந்த சுருதியில் மெல்லிசை பாடும்பொழுதே அக்குரல் தனியழகு பெற்று விளங்குவதை ஆசிரியர் உணர்ந்தார். உணர்ந்து, அதனை வேறொரு மரபுக்குள் வலிந்து திணியாது, அதன் போக்கிலேயே வளரவிட்டார். நல்லாசிரியர் ஒருவர் மாணவருக்குச் செய்யக்கூடிய உதவிகளுள் இது தலையாயது எனலாம்.

புகழ் அவர்களை உடனே வந்தடையவில்லை. றிச்சட், கரென், வேறொரு நண்பர் ஆகிய மூவரும் சேர்ந்த ஜாஸ் குழு 1966ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஹொலிவூட் போல் என்னும் புகழ்பெற்ற திறந்தவெளி அரங்கில் நடைபெற்ற இசைப் போட்டியில் வெற்றி பெற்றது. அதன் பயனாகப் பெரிய கம்பெனியொன்று அவர்களது இசையைப் பதிவு செய்தது. எனினும், வெளியிடாது கைவிட்டது. அதே ஆண்டில் மற்றொரு சிறு கம்பெனி கரெனின் குரலிலே தனித்தட்டு ஒன்றை வெளியிட்டது. அச்சிடப்பட்டவை ஏறக்குறைய ஐந்நூறு தட்டுகளே. பின்னர், கல்லூரி மாணவர் சிலருடன் சேர்ந்து ‘ஸ்பெக்ற்றம்’ என்னும் குழுவை அமைத்தனர். உரத்த இசையும் கிளர்ச்சிப் பாடல்களும் இளைஞரை ஆட்கொண்டிருந்த அந்த நாளில், மென்மையான கூட்டுக்குரலை விரும்புவார் அருகியே இருந்தனர். அக்குழுவும் கலைந்தது. எஞ்சி நின்றவர்கள் அண்ணனும் தங்கையும் மட்டுமே.

இருவரும் சேர்ந்து பதிவு செய்த மாதிரி ஒலிநாடா, ஏ. அன்ட் எம். என்னும் இசைத்தட்டுக் கம்பெனியை நிறுவியவர்களுள் ஒருவராகிய ஹெர்ப் அல்பேட் என்பவரின் செவிக்கு எட்டியது. எக்காளக் கலைஞராகிய அவர், கேட்ட மாத்திரத்திலேயே அக்குரலின் அருமையை உணர்ந்தார். 1969ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 22ஆம் திகதி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. கரெனுக்கு அப்பொழுது வயது பத்தொன்பது. சட்டப்படி பராயம் அடையாதவராதலின், அவருக்காகப் பெற்றோரும் கையொப்பம் இட்டனர். முதலாவது இசைத்தட்டுத் தொகுதி பெரிதாக விலைபோகவில்லை. ஆயினும், அல்பேட் நம்பிக்கை இழந்தாரல்லர். பேட் பக்கரக், ஹால் டேவிட் ஆகிய இருவரும் சில ஆண்டுகளின் முன் இயற்றிய ‘குளோஸ் ரு யூ’ என்னும் பாடலை அவர் றிச்சட்டிடம் கொடுத்தார். றிச்சட் அதற்குப் புதிய நடையொன்று அமைத்தார். 1970ஆம் ஆண்டு வெளிவந்த அப்பாடல், யூலை மாதத்தில் அமெரிக்க இசைத்தட்டு வரிசையில் முதலிடத்தை அடைந்து, நான்கு வாரங்கள் அவ்விடத்திலேயே நிலைபெற்றது. கரெனுக்கு அப்பொழுது இருபது வயதே நிரம்பியிருந்தது.

அக்குரலில் அப்படி என்னதான் இருந்தது? உரத்துப் பாடுவோர் கேட்போரின் செவியை வலிந்து பற்றுவர். கரென் பாடியதோ மிக மெல்லிய குரலில். ஒலிவாங்கிக்கு மிக அருகில் நின்று, பக்கத்தில் இருக்கும் ஒருவரோடு பேசுமாறு போல அவர் பாடுவார். தாழ்ந்த சுருதியில், மூச்சின் ஓசையும் சொல்லின் தெளிவும் ஒருங்கே அமைய, ஒவ்வொரு சொல்லும் கேட்பவர் ஒருவருக்கென்றே கூறப்படுவது போலத் தோன்றும். அன்றியும், மேளம் பயின்றவராதலின், சொல்லைத் தாளத்தின்மேல் எவ்விடத்தில் வைத்தல் வேண்டும், எவ்விடத்திற் சிறிது பிந்தவிடல் வேண்டும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். பாடகரும் தாள வாத்தியக்காரரும் ஒருவரேயாக அமைதல் எந்நாட்டிலும் அரிது. ‘சுப்பர்ஸ்ரார்’ என்னும் பாடலைப் பதிவு செய்தபோது, கைத்துடைப்புக் கடுதாசி ஒன்றில் எழுதிவைத்த சொற்களைப் பார்த்து ஒத்திகைபோற் பாடிய முதற் பாட்டே மாற்றமின்றி இசைத்தட்டில் இடம்பெற்றது என்பர். குரல் அத்துணைக் கட்டுக்குள் இருந்தது. துயரப் பாடல்களை அவர் அழுது பாடுவதில்லை, அடக்கிப் பாடுவார். அவ்வடக்கமே கேட்போரை உருகச் செய்தது.

இனி, தமையனாரின் பங்கையும் கூறுதல் வேண்டும். பாடல்களைத் தெரிந்தெடுத்தவரும், அவற்றுக்கு வாத்திய அமைப்பு எழுதியவரும் றிச்சட்டே. ஒருவருடைய குரலை ஒலிநாடாவின் ஒரு தடத்திற் பதிந்து, பின்னர் அவரே வேறு சுருதியில் மீண்டும் பாடியதை இன்னொரு தடத்திற் பதிந்து, இவ்வாறு பலமுறை பதிந்தவற்றை ஒன்று சேர்த்தால், இருவர் பாடியது ஒரு பெருங்குழு பாடியது போல ஒலிக்கும். இம்முறையை அவர்கள் தம் இசைத்தட்டுகளில் நெடுகக் கையாண்டனர். ஒரு வயிற்றிற் பிறந்தவர்களின் குரல்கள் இயல்பிலேயே ஒத்திருப்பனவாதலின், அவை ஒன்றோடொன்று பொருந்தி இழைந்தன. வங்கி ஒன்றின் தொலைக்காட்சி விளம்பரத்துக்கென இயற்றப்பட்ட சிறு பாட்டு ஒன்றைக் கேட்ட றிச்சட், அதனை முழுப்பாடலாக்கித் தரும்படி இயற்றியோரிடம் கேட்டுப் பெற்றார். அதுவே ‘வீ ஹாவ் ஒன்லி ஜஸ்ற் பிகன்’ என்னும் பாடல். அமெரிக்காவின் திருமண வீடுகளில் அது நெடுங்காலம் இசைக்கப்பட்டு வந்தது. தங்கையின் குரல் இல்லையேல் அண்ணனின் இசையமைப்பு உயிரற்றது. அண்ணனின் இசையமைப்பு இல்லையேல் தங்கையின் குரல் தனக்கேற்ற வீட்டைக் கண்டிராது. ஒருவரையொருவர் இவ்வளவு இன்றியமையாதவராகக் கொண்டமை அவர்களுக்குப் பலமுமாயிற்று, காலப்போக்கிற் பாரமுமாயிற்று.

தொடர்ந்து வந்த ஐந்தாண்டுகள் வெற்றியின் ஆண்டுகள். 1971ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இருவரும் கிராமி எனப்படும் இசைப் பரிசுகள் இரண்டினைப் பெற்றனர். மறு ஆண்டில் மூன்றாவது பரிசும் கிடைத்தது. 1973ஆம் ஆண்டு மே மாதத்தில், மேற்கு ஜேர்மனியின் தலைமை அமைச்சர் வில்லி பிரான்ற் அமெரிக்கா சென்றிருந்தபோது, சனாதிபதி நிக்சனின் அழைப்பின்பேரில் வெள்ளை மாளிகையிற் பாடினர். ‘ரொப் ஒப் த வேர்ள்ட்’ 1973ஆம் ஆண்டிலும், ‘பிளீஸ் மிஸ்ரர் போஸ்ற்மன்’ 1975ஆம் ஆண்டிலும் அமெரிக்க வரிசையில் முதலிடம் எய்தின. பிரித்தானியாவிலும் யப்பானிலும் அவர்களுக்கிருந்த மதிப்பு தாய்நாட்டில் இருந்ததற்குக் குறைந்ததன்று. ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு மேற்பட்ட இசைநிகழ்ச்சிகள், இடையிடையே ஒலிப்பதிவுகள், தொலைக்காட்சி, நெடும் பயணங்கள். ஓய்வென்பது பெயரளவிலேயே இருந்தது.

இவ்வெற்றிகளுக்கிடையே நிகழ்ந்த ஒரு மாற்றம் அக்காலத்தில் எவருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. தொடக்கத்திற் கரென் மேளங்களின் பின்னால் அமர்ந்து, முழக்கிக்கொண்டே பாடிவந்தார். ஐந்தடியும் சில அங்குலமுமே உயரமுள்ள அவரை, மேளங்களும் தாளத் தட்டுகளும் மறைத்துவிடும். பாடுபவரைப் பார்க்க முடியவில்லையென இரசிகரும் விமரிசகரும் குறை கூறினர். அரங்கின் முன்னே ஒருவர் நின்று பாடினாலன்றி நிகழ்ச்சி சிறவாது எனக் கம்பெனியாரும் நிகழ்ச்சி ஒழுங்கு செய்வோரும் வற்புறுத்தினர். கரெனுக்கு அதில் விருப்பமில்லை. மேளம் அவருக்கு வாத்தியம் மட்டுமன்று, அரணும் ஆகும். எனினும், சிறிது சிறிதாக இணங்கினார். மேளத்தை வேறொருவர் வாசிக்க, அவர் நீண்ட உடையணிந்து ஒலிவாங்கியுடன் முன்னே வந்து நின்றார். ஒலிப்பதிவுக் கூடத்திலும் பெரும்பாலான வெற்றிப் பாடல்களுக்கு ஹால் பிளேன் என்னும் அனுபவம் மிக்க கலைஞரே மேளம் வாசித்தார். கேட்கப்படுவதற்கென வாய்த்த குரலுக்குரியவர், அன்று தொட்டுப் பார்க்கப்படுபவராகவும் ஆனார்.

பார்க்கப்படுபவர் தம்மைத் தாமே பார்க்கத் தொடங்குவது இயல்பு. இளமையிற் கரென் சற்றுப் பருத்த உடலினர். 1967ஆம் ஆண்டில், வைத்தியர் ஒருவரின் ஆலோசனைப்படி உணவைக் கட்டுப்படுத்தி, 145 இறாத்தலாக இருந்த எடையை 120 இறாத்தலளவுக்குக் குறைத்திருந்தார். அது தீங்கற்ற மாற்றமே. ஆனால் 1973ஆம் ஆண்டளவில், மேடையில் எடுக்கப்பட்ட தம் படமொன்றைக் கண்டு மனம் வருந்தினார் என்றும், அதன் பின்னர் உணவைத் தாமே கடுமையாகக் குறைக்கலானார் என்றும் வரலாறு எழுதியோர் கூறுவர். எடை குறையுந்தோறும் கண்டவர் பாராட்டினர். மெலிந்த உடலே அழகெனப் படங்களும் விளம்பரங்களும் நாடோறும் கூறிவந்த சமுதாயத்தில், நோயின் முதற்படி மனவுறுதியின் அடையாளமாகவே கொள்ளப்பட்டது. 1975ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் அவர் எடை 91 இறாத்தலாகக் குறைந்திருந்தது. அவர் மேடைக்கு வந்தபோது, உருவத்தைக் கண்ட சபையோர் திடுக்குற்றனர். அவ்வாண்டு நடைபெறவிருந்த பிரித்தானிய, யப்பானியச் சுற்றுப்பயணங்கள் நிறுத்தப்பட்டன. களைப்பு என்பதே வெளியிற் கூறப்பட்ட காரணம்.

அந்நோயின் பெயர் அனோரெக்சியா நேர்வோசா. தமிழில் உணவு மறுப்பு நோய் எனலாம். இது புதிதாகத் தோன்றிய நோயன்று. லண்டனில் வில்லியம் கல் என்பவரும் பாரிசிற் சார்ள் லசேக் என்பவரும் 1873ஆம் ஆண்டளவிலேயே இதனை விவரித்துள்ளனர். நோயாளருக்குப் பசி இல்லாமற் போவதில்லை. பசியை அவர் அடக்குகின்றார். எடை கூடிவிடுமோ என்னும் அச்சம் ஏனைய எண்ணங்களையெல்லாம் வென்று மேலோங்குகின்றது. எலும்பு தெரிய மெலிந்தவரும் கண்ணாடியிற் பார்க்கும்போது தம்மைப் பருத்தவராகவே காண்பர். எனவே, “நீர் மெலிந்துவிட்டீர், சாப்பிடும்” என்று பிறர் சொல்லும் சொல் அவர் மனத்தில் ஏறுவதில்லை. உணவு கிடையாத உடல் முதலிற் கொழுப்பையும், பின்னர்த் தசையையும் எரித்து உயிர் வாழ்கின்றது. இதயமும் தசையே. ஆதலின் அதுவும் மெலிகின்றது, நாடித்துடிப்புத் தளர்கின்றது. வாந்தி எடுத்தலாலும் பேதி மருந்துகளாலும் உடலிலுள்ள பொட்டாசியம் என்னும் உப்புச்சத்துக் குறையுமாயின், இதயத்தின் ஒழுங்கான துடிப்பே குலைந்துவிடும். மனநோய்களுள் மிகுந்த உயிர்ச்சேதம் விளைப்பவற்றுள் இஃது ஒன்று என மருத்துவ நூலோர் கூறுவர்.

கரென் இந்நோயை மறைத்துக் கொண்டார். உடையின் மேல் உடை அணிந்து உடலை மறைத்தார். விருந்துகளிலே தம் தட்டிலுள்ள உணவை மிகவும் புகழ்ந்து, சுற்றியிருப்போருக்கெல்லாம் ருசி பார்க்கக் கொடுத்து, ஈற்றில் தமக்கென ஒன்றும் எஞ்சாதபடி செய்துவிடுவார் என உடனிருந்தோர் பின்னர் நினைவு கூர்ந்தனர். வீட்டாரும் கவலையுற்றனர், வற்புறுத்தினர், சிலவேளை கோபித்தும் கொண்டனர். ஆனால், தாம் எதிர்நிற்பது பிடிவாதமன்று, நோய் என்பதை அறிவதற்கு வேண்டிய அறிவு அக்காலத்திற் பொதுமக்களிடையே பரவியிருக்கவில்லை. 1981ஆம் ஆண்டில் பிரித்தானியத் தொலைக்காட்சியில், இந்நோய் உமக்கு உண்டோ என நேரே வினவப்பட்டபோதும், கரென் இல்லையென்றே மறுத்தார். களைத்துப் போனதாகவே விடையளித்தார்.

அவருடைய வாழ்வில் தாமே தீர்மானிக்கத்தக்கவை சிலவே என்பதையும் இங்குக் கருதுதல் தகும். பாடலைத் தெரிவு செய்தவர் தமையனார். பயணத்தை வகுத்தவர்கள் ஒழுங்கு செய்வோர். இருபத்தைந்து வயதின் பின்னரும் அவர் பெற்றோருடனேயே வாழ்ந்தார். 1979ஆம் ஆண்டில், உறக்க மாத்திரைப் பழக்கத்தினின்று விடுபடும்பொருட்டு றிச்சட் வைத்தியசாலையில் தங்க நேர்ந்தபோது, கரென் நியூயோர்க் சென்று, பில் றமோன் என்னும் தயாரிப்பாளருடன் தனித்தொகுதி ஒன்றைப் பதிவு செய்தார். தம் சொந்தப் பணத்தில் ஏறக்குறைய நான்கு இலட்சம் டொலரை அதற்கெனச் செலவிட்டார். 1980ஆம் ஆண்டில் அது முடிவுற்றபோது, கம்பெனித் தலைவர்களுக்கும் தமையனாருக்கும் அது பிடிக்கவில்லை. தொகுதி வெளியிடப்படாது ஒதுக்கி வைக்கப்பட்டது. அது வெளிவந்தது 1996ஆம் ஆண்டிலே, அவர் இறந்து பதின்மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னர். அதே 1980ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் அவர் திருமணம் செய்துகொண்டார். இல்லறமும் குழந்தைகளும் வேண்டுமென்னும் ஆசை அவருக்கு மிகுதியாக இருந்தது. அம்மணவாழ்வு ஓராண்டுக்குச் சற்று மேலாகவே நிலைத்தது. ஆயினும், இவற்றுள் ஒன்றையோ, ஒருவரையோ நோய்க்குக் காரணமெனச் சுட்டுதல் முறையன்று. பிறவிக் கூறு, மன இயல்பு, சூழ்நிலை ஆகிய பலவும் கூடியே இந்நோய் விளைகின்றது என்பதே இன்றைய மருத்துவ முடிபு. எதனையும் தம் விருப்பப்படி நடத்த இயலாதவருக்கு, உண்பதும் உண்ணாமையும் தம் கையிலேயே உள்ளன என்னும் உணர்ச்சி ஒருவகைப் பற்றுக்கோடாகி விடுவதுண்டு என்று மட்டும் கூறலாம்.

1982ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கரென் தாமாகவே நியூயோர்க் சென்று, இத்துறையிற் பெயர்பெற்ற உளச்சிகிச்சையாளர் ஒருவரை நாடினார். நோயை ஒப்புக்கொண்டதே பெரிய முன்னேற்றம். பேதி மருந்துகளையும், வேண்டாத தைரொயிட்டு மாத்திரைகளையும் அவர் அளவுக்கு மிஞ்சி உட்கொண்டு வந்தமை அப்பொழுதே வெளிப்பட்டது. செப்ரெம்பர் மாதத்தில் நிலைமை மோசமாகவே, வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டு, நாளத்தின் வழியாக ஊட்டம் பெற்றார். சில வாரங்களில் ஏறக்குறைய 30 இறாத்தல் எடை கூடிற்று. நவம்பர் மாதத்தில் வீடு திரும்பினார். டிசெம்பர் 17ஆம் திகதி, தம் ஞானப்பிள்ளைகள் பயின்ற பாடசாலையிற் சிறுவர்க்காக நத்தார்ப் பாடல்களைப் பாடினார். இலட்சக்கணக்கானோர் கேட்ட அக்குரல் சபையில் இறுதியாக ஒலித்தது அச்சிறுவர் முன்னிலையிலேயே. எடை மீண்டபோதிலும், பல்லாண்டுப் பட்டினியால் நலிந்த இதயம் மீளவில்லை. 1983 பெப்ரவரி 4ஆம் திகதி காலை, டவ்னியிலுள்ள பெற்றோர் வீட்டில் மயங்கி விழுந்தார். வைத்தியசாலையில் அவர் உயிர் பிரிந்தது.

அவரது மரணம் ஒரு நோயின் பெயரை உலகறியச் செய்தது. வைத்தியர்களின் நூல்களில் நூறாண்டுக்கு மேலாக மறைந்து கிடந்த சொல் பத்திரிகைகளிலும் வீடுகளிலும் பேசப்படலாயிற்று. தம் பிள்ளைகளின் மெலிவை அதுகாறும் பிடிவாதமெனக் கருதிய பெற்றோர் பலர் அது நோயென உணர்ந்து வைத்தியரை நாடினர். சிகிச்சை முறைகளும் வளர்ந்தன. சிறுவயதினருக்கு இந்நோய் வந்தால், பெற்றோரையும் குடும்பத்தினரையும் சிகிச்சையிற் பங்குகொள்ளச் செய்து, வீட்டிலேயே படிப்படியாக உணவூட்டி மீட்கும் முறையொன்றை லண்டனிலுள்ள மோட்ஸ்லி வைத்தியசாலையினர் 1980களில் வகுத்தனர். காலத்தோடு கண்டுகொண்டால் பெரும்பாலோர் குணமடைவர் என்பது இன்று தெளிவு. உணவு வேளைகளிற் காரணம் காட்டி ஒதுங்குதல், உடலை மறைக்கத் தளர்ந்த ஆடை அணிதல், ஓயாது எடை பார்த்தல், மெலிந்த பின்னும் பருமன் என்று வருந்துதல் ஆகியன கவனிக்க வேண்டிய குறிகள். வளரும் பிள்ளைகளின் உருவத்தைக் கேலி செய்வோரும், மெலிவை வாய்க்கு வந்தபடி புகழ்வோரும் ஒருமுறை சிந்தித்தல் நன்று. விளையாட்டாகச் சொன்ன சொல் கேட்டவர் மனத்தில் எவ்வளவு காலம் தங்குமென எவராலும் அறிய இயலாது.

றிச்சட் தங்கையின் குரலை மறையவிடவில்லை. அவர் பாடி வைத்துச் சென்ற பாடல்களை ஒழுங்கு செய்து வெளியிட்டு வந்தார். இருவரும் பயின்ற லோங் பீச் கல்விக்கூடத்தில் 1994ஆம் ஆண்டு அவர்கள் பெயராற் கலையரங்கு ஒன்று திறக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டில், எழுபது வயதைக் கடந்திருந்த றிச்சட், லண்டன் அபே றோட் ஒலிப்பதிவுக் கூடத்தில், றோயல் பில்ஹார்மொனிக் என்னும் பெரும் வாத்தியக் குழுவின் முன்னே நின்று, தங்கையின் பழைய குரலுக்குப் புதிய வாத்திய இசை சேர்த்தார். அரங்கத்தில் அண்ணன் இருந்தார், வாத்தியக்காரர் இருந்தனர், பாடியவர் மட்டும் இல்லை. ஆயினும், முப்பத்தைந்து ஆண்டுகளின் முன் அடங்கிய அக்குரல், மூச்சின் ஓசையும் மாறாமல், அருகிருந்து ஒருவர் பேசுவது போலவே அன்றும் ஒலித்தது. அதனைக் கேட்பவர் எவரும் பாடியவரின் எடை யாதென வினவுவதில்லை. அவர் உயிரோடிருந்த காலத்தில் இவ்வுண்மையை அவருக்கு உணர்த்துவார் இல்லாது போயினர்.